சப்பாத்துப் பெட்டிக் கோயில்

புரட்டாதி பிறந்து பனம்பழம் விழுந்து ஓயுங் காலம் வந்துவிட்டால், நம் கல்லூரியில் இரண்டு வேலைகள் தொடங்கிவிடும். ஒன்று, சகலகலாவல்லி மாலையின் பத்துப் பாடல்களையும் பிழையறப் பாடப் பழகுதல். மற்றொன்று, சப்பாத்துப் பெட்டி தேடுதல். முன்னையது இந்நாட்டுச் சைவப் பாடசாலைகள் பலவற்றுக்கும் பொதுவானது. பின்னையது நாம் பயின்ற காலத்தில் நம் கல்லூரியில் மட்டும் நாம் கண்ட வழக்கம். அக்காலத்து மாணவரன்றி ஏனையோர் அதனை அறியாராதலின், ஈண்டுச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். விரித்துரைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் மனத்திற் சுமந்து வந்த பிழையொன்று அப்பெட்டிக்குள் இருக்கின்றது.

நவராத்திரியின் ஒன்பது இரவுகளுள் முதல் மூன்றும் துர்க்கைக்கும், நடு மூன்றும் இலக்குமிக்கும், இறுதி மூன்றும் சரசுவதிக்கும் உரியன. வழிபாட்டு மண்டபத்தில் முதல் நாளன்றே கும்பம் வைக்கப்பெறும். அதனைச் சூழ மணல் பரப்பி நவதானியம் விதைப்பர். விசயதசமி வருவதற்குள் அவை முளைத்துப் பசுமையாக எழுந்து நிற்கும். இறுதி மூன்று நாள்களுக்கும், ஆறாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரை ஒவ்வொரு வகுப்பாரும் தாம் ஆக்கிய சிறு கோயில் ஒன்றைக் கும்பத்தின் இரு மருங்கிலும் வரிசையாக வைப்பர். அக்கோயில் வேலைக்கு விதிகள் மூன்று இருந்தன. கோயில் சப்பாத்துப் பெட்டி ஒன்றின் அளவை மீறலாகாது. காசு கொடுத்து வாங்கிய பொருள் எதுவும் அதிற் சேரலாகாது. விசயதசமியன்று ஆக்கியவர்களே அதனைப் பிரித்துவிடல் வேண்டும்.

காசு கொடுத்து வாங்கலாகாது என்ற விதி உயர்ந்த கொள்கையிலிருந்து பிறந்ததென்று எவரும் எண்ணிவிட வேண்டா. வாங்குவதற்குக் கடையில் ஒன்றும் இல்லை. 1990 ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் மின்கலமும் தட்டுப்பாடாயின. தாளுக்கும் தட்டுப்பாடு. நாளிதழ்கள் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்ததை அக்காலத்தார் மறந்திரார். எழுதி முடிந்த கொப்பியின் ஓரங்களிற் கணக்குச் செய்து பார்த்தோம். இரவிலே ஜாம் போத்தலுக்குட் சிறிது பஞ்சும் சில கரண்டி மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கைச் சுற்றி அமர்ந்து படித்தோம்.

இந்நிலையிற் சப்பாத்துப் பெட்டி கிடைப்பதே பெரும் பாடாயிற்று. புதுச் சப்பாத்து வாங்குவார் எவருமிலர். வீட்டில் இருந்த பெட்டிகளெல்லாம் முன்னைய காலத்தவை. அவற்றுக்குள்ளே பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி உறுதி, கலியாணப் படம் முதலியவற்றை நம் அன்னையர் கட்டி வைத்திருந்தனர். குண்டு விழுந்து ஓட நேர்ந்தால் முதலிற் கைக்கு வருவது அப்பெட்டியே. அதனைக் கோயில் கட்டக் கேட்பது எளிதா? எனினும் கேட்டோம். எமது அன்னையார் ஒன்றும் பேசாது பத்திரங்களையெல்லாம் தலையணை உறையொன்றினுள் இட்டுக் கட்டிவிட்டு, வெறும் பெட்டியை எம் கையிற் கொடுத்தார். அஃது 1992 ஆம் ஆண்டுப் புரட்டாதி. நாம் அப்பொழுது ஒன்பதாம் வகுப்பு மாணவர்.

நண்பர் மூவரும் நாமுமாக நால்வர் அவ்வேலையில் இறங்கினோம். பெட்டியை நீளப்பாட்டிற் கிடத்தி வாய்ப்புறம் எம்மை நோக்குமாறு வைத்தால் அது கருவறை. மூடியைக் கவிழ்த்து அதன்கீழ் வைத்தால் அதிட்டானம். இவ்வளவும் எல்லா வகுப்பாரும் செய்வதே. அப்பாலுள்ளதெல்லாம் அவரவர் கைத்திறன்.

முதலில் வேண்டியது பசை. முன்னாளிற் கோதுமை மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை இட்டுப் பசை செய்வார்கள். எமது காலத்திற் கோதுமை மா உணவு. அதனைக் காகிதத்திற் பூசுவது பாவமென்று வீட்டிற் சொன்னார்கள். ஆகவே விளாமரத்தைத் தேடிச் சென்றோம். அதன் பட்டையிற் காயம்பட்ட இடங்களிற் பொன்னிறமாகத் திரண்டு நிற்கும் பிசினைச் சுரண்டி எடுத்து, சிரட்டையில் நீர் விட்டு ஓர் இரவு ஊறவைத்தால் விடியும்போது நல்ல பசை ஆயத்தமாயிருக்கும். நறுவிலிப் பழம் கிடைக்கும் காலத்தில் அதனைப் பிதுக்கியும் ஒட்டுவதுண்டு. ஆனால் நறுவிலியில் எறும்பு மொய்க்கும். விளாம்பிசினில் ஒரு குணம் உண்டு. காய்ந்தால் இறுகப் பிடிக்கும். நீரில் இட்டால் இளகி விட்டுவிடும். இக்குணத்தை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம்.

அடுத்தது வண்ணம். மஞ்சளைக் கரைத்தால் மஞ்சள் நிறம். அதிற் சுண்ணாம்பு சேர்த்தாற் குங்குமச் சிவப்பு. செவ்வரத்தம்பூ இதழைத் தாளில் அழுத்தித் தேய்த்தால் ஊதா. அதன்மேல் எலுமிச்சஞ்சாறு ஒரு துளி பட்டால் ஊதா சிவப்பாய் மாறும். காக்கணம்பூவிலிருந்து நீலம் எடுத்தோம். கரிக்குச் சிரட்டைக்கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பு. இந்த வேலையிற் கற்ற இரசாயனம் பரீட்சைக்குப் படித்த இரசாயனத்தினும் நெடுநாள் நிலைத்தது.

தூண்களுக்கு ஈர்க்கு. தோரணத்துக்கும் கூரைக்கும் பனங்குருத்தோலையை வார்ந்து பின்னியது. கோபுரத்தின் அடுக்குகளுக்குத் தென்னங் குரும்பட்டிகள். சிறுபிள்ளைகள் குரும்பட்டித் தேர் கட்டும் முறையிலேயே ஈர்க்குக் குத்தி அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். கோயிலின் பின்னே முகில்போல் விரிந்து நிற்கப் பன்னாடை. அன்னத்துக்கு இலவம்பஞ்சு. அதன் மூக்குக்கு ஒரு மஞ்சாடி விதை. சரசுவதி வீற்றிருக்கும் வெண்டாமரைக்கு என்ன செய்வதென்று இரண்டு நாள் எண்ணினோம். மூன்றாம் நாள் நண்பர் ஒருவர் வீட்டு அடுக்களையில் விடை கிடைத்தது. உள்ளித் தோல்! அதனை இதழிதழாக அடுக்கி விளாம்பிசினால் ஒட்டியபோது, விளக்கொளி உள்ளே புகுந்து மெல்ல ஒளிரும் தாமரையொன்று உருவாயிற்று. சின்ன வெங்காயத் தோலைக் கொண்டு அதனைச் சுற்றிச் செந்தாமரை மொட்டுகள் செய்தோம். இன்றும் எம் கையால் ஆன பொருள்களுள் அதனினும் அழகியதொன்று இல்லையென்றே எண்ணுகின்றோம்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

எமக்குப் பொன்னிறம் வேண்டியிருந்தது. கோபுரத்தின் கலசமும் அம்மையின் முடியும் பொன்னாக மின்ன வேண்டுமென்று ஆசைப்பட்டோம். மஞ்சளிலிருந்து பொன் வராது. முன்னாளிற் கடைகளில் விற்ற பொன்னிறத் தாள் அப்போது ஊரில் எங்குமில்லை. சிகரட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளை மஞ்சள் நீரில் தோய்த்துப் பார்த்தோம். ஒட்டவில்லை. பத்தாம் வகுப்பார் எங்கிருந்தோ பித்தளைத் தகடு பெற்றுவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் எம் நெஞ்சம் அமைதி இழந்தது.

நாம் அவ்வாண்டில் நூலகத்தின் மாணவ உதவியாளருள் ஒருவர். சித்திர ஆசிரியரே நூலகத்துக்கும் பொறுப்பாயிருந்தார். ஆசிரியர் பலர் ஊரை விட்டு அகன்ற காலம் அது. ஒருவரே இரண்டு மூன்று பணிகளைப் பார்த்தனர். அவர் எம்மை நம்பி அலுமாரித் திறப்பைத் தந்திருந்தார். அவ்வலுமாரியின் கீழ்த்தட்டில் நம் கல்லூரியின் பழைய பொன்விழா மலர் ஒன்று இருந்தது. அந்த ஒரு பிரதியே கல்லூரியில் எஞ்சியிருந்தது. அதன் நடுவே வழவழப்பான தடித்த தாள் ஒன்று. அத்தாளின் ஒரு பக்கத்திற் கல்லூரி இலச்சினை, சுற்றிலும் அகன்ற பொன் மைக் கரை. மறுபக்கத்திற் சிறிய எழுத்திற் பெயர்கள் நிரல் நிரலாக அச்சிடப்பட்டிருந்தன. மேலே ‘பிடியரிசி உபகரித்த பெண்மணிகள்’ என்ற தலைப்பு.

தலைப்பை நாம் படித்தோம். படிக்கவில்லையென்று சொன்னால் இக்கட்டுரை எழுதிப் பயனில்லை. பெயர்களையும் கண்டோம். பழைய காலத்துப் பெண்களின் பெயர்கள் தாமே, இவற்றை இனி யார் பார்க்கப் போகின்றார் என்று எண்ணினோம். அந்த எண்ணம் நண்பர் எவருடையதும் அன்று, எம்முடையது. சவர அலகால் அத்தாளை அடியோடு அறுத்தெடுத்து, கத்தரிக்கோலாற் கலசமும் முடியும் நட்சத்திரங்களும் வெட்டினோம். எஞ்சிய பெரிய துண்டைக் கருவறையின் பின்சுவராக ஒட்டினோம். பொன் வெளியே தெரிந்தது, பெயர்கள் சுவரோடு ஒட்டுண்டன. வெட்டி விழுந்த நறுக்குகளைக் கூட்டி அள்ளி நண்பர் வீட்டு அடுப்பில் இட்டோம்.

ஒன்பதாம் வகுப்புக் கோயிலுக்கே முதற் பரிசு கிடைத்தது. மூன்று இரவுகள் அது கும்பத்தின் வலப்புறம் நின்றது. நெய்விளக்கின் ஒளியிற் கலசம் மின்னியதைக் கண்டு பெற்றோரும் அயலவரும் வியந்தனர். பரிசு நான்கு பென்சில்கள். அக்காலத்தில் அது சிறு பரிசன்று.

விசயதசமியன்று ஏடு தொடக்கல் முடிந்தது. அவலும் கடலையும் உண்டபின் கோயில்களைப் பிரிக்கத் தொடங்கினோம். பூவும் ஓலையும் வாழையடிக்கு, ஈர்க்கு விளக்குமாற்றுக்கு, குரும்பட்டி சிறு பிள்ளைகளின் விளையாட்டுக்கு, பெட்டி மீண்டும் அன்னையிடம். இதுவே முறை. சித்திர ஆசிரியர் வரிசையாகப் பார்த்து வந்தார். எம் பெட்டியருகே வந்தபோது பின்சுவரின் மேல்மூலை சற்று உரிந்திருந்தது. அவர் குனிந்து அம்மூலையை விரலாற் பிரித்தார். பின்புறத்து எழுத்துகளைக் கண்டார். நெடுநேரம் நிமிரவில்லை.

பிரம்பை எதிர்பார்த்து நின்றோம். அவர் அடிக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“தம்பி, குருத்தோலை வாற வருசமும் வரும். பூவும் வரும். உள்ளித் தோலும் வரும். இந்தப் பேருகள் திரும்ப வருமோ?” என்று கேட்டார்.

நாம் விடை கூறவில்லை. இற்றைவரை கூற இயலவில்லை.

பிடியரிசி என்றால் என்னவென்று அன்றுதான் அவர் எமக்கு விளக்கினார். சோற்றுக்கு அரிசி போடும்போதெல்லாம் ஒரு கைப்பிடியை எடுத்து வேறொரு பானையில் இடுவார்கள். வாரம் ஒருமுறை கல்லூரிக் கட்டட நிதிக்காரர் வந்து அதனைப் பெற்றுச் செல்வர். அவ்வரிசியை விற்ற பணத்திற் சுண்ணாம்பும் பனஞ்சலாகையும் ஓடும் வாங்கினர். ஆயிரம் ரூபா கொடுத்த பெரியாரின் பெயர் மண்டபச் சுவரிற் கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. தம் பங்கிற் கைப்பிடியைக் குறைத்துக்கொண்டு கொடுத்த பெண்களுக்குக் கல் இல்லை. அவர்களுக்குப் பெயர் இருந்த இடம் அந்தத் தாள் ஒன்றே.

பின்னர் அவர் செய்தது எமக்கு அறிவு புகட்டிற்று. தண்டனையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அகன்ற தட்டொன்றில் நீர் நிரப்பி வரச் சொன்னார். எம் பெட்டியின் பின்சுவரையும் கலசத்தையும் முடியையும் நட்சத்திரங்களையும் ஒவ்வொன்றாக நீரில் மிதக்கவிட்டார். “விளாம்பிசின் தானே பூசினனீங்கள்? அப்ப விடும்” என்றார். சிறிது நேரத்தில் விட்டது. பசை இளகித் துண்டுகள் தாமாக விலகின. ஈரத் தாள்களைப் பழைய வேட்டித் துணியின்மேல் முகங்கவிழ்த்துப் பரப்பினோம். பின்சுவரில் நிரல்கள் சில முழுமையாக இருந்தன. நட்சத்திரங்களிற் பெயர்களின் நடுத்துண்டுகள் இருந்தன. முதலும் முடிவும் அடுப்பிற் போய்விட்டன.

பரிசாகப் பெற்ற பென்சில்களாலேயே அவற்றைப் பெயர்த்தெழுதினோம். அதற்கென ஆசிரியர் தம் பழைய கொப்பியொன்றின் எழுதாப் பக்கங்களைத் தந்தார். முழுமையாகக் கிடைத்த பெயர்கள் 46. பாதியாகக் கிடைத்தவை 11. மொத்தம் எத்தனை இருந்தன என்பதைக் கணக்கிட வழியில்லை. பலர் தம் பெயரால் அன்றி இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே குறிக்கப்பட்டிருந்தனர். ஒருவர் பெயருக்கு நேரே, மற்றவர்களுக்கு இல்லாத குறிப்பு ஒன்று இருந்தது. அவ்வம்மையார் கணவன் இறந்த பின்னும் பிடியரிசியை நிறுத்தவில்லை என்பதே அக்குறிப்பு.

அந்தப் பெயர்களோடு பணி முடியவில்லை. மலரின் எஞ்சிய பக்கங்கள் முழுவதையும் பெயர்த்தெழுதுமாறு ஆசிரியர் பணித்தார். நால்வரும் முறைவைத்து, ஐப்பசி மழையிலும் கார்த்திகை இருளிலும் எழுதி, மார்கழித் திருவெம்பாவைக்கு முன் முடித்தோம். கல்லூரிக் கிணறு வெட்டிய வரலாற்றையும், முதல் மாணவர் எத்தனை பேர் என்பதையும், முன்னாளில் ஆசிரியர் சிலர் சம்பளமின்றிக் கற்பித்த செய்தியையும் அப்போதே அறிந்தோம். அதுவரை கல்லூரி எமக்குச் சுவரும் மணியும் பரீட்சையும். பின்னர் அது மனிதரால் ஆனதாயிற்று. வெட்டியதால் நாம் இதனைக் கற்றோம் என்று கூறித் தப்ப விரும்பவில்லை. வெட்டாமலே படித்திருக்கலாம்.

மூன்றாண்டுகள் சென்றன. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவிலே தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தார்கள். மழையும் இருளும் நெரிசலும் சூழ நாவற்குழிப் பாலத்தைக் கடந்த அவ்விரவைப் பற்றி இம்மலரில் வேறு சிலரும் எழுதக்கூடும். எம் அன்னையார் தோளிற் பத்திரங்கள் அடங்கிய அந்தச் சப்பாத்துப் பெட்டி இருந்தது. அதன் உட்சுவரில் விளாம்பிசினின் தடம் இருந்தது. கல்லூரியின் மலரும் பெயர்த்தெழுதிய கொப்பியும் நூலக அலுமாரியில் இருந்தன. 1996 ஆம் ஆண்டில் நாம் திரும்பி வந்தபோது அலுமாரி இருந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது.

1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு தொடங்கிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகமும் அதன் ஏறத்தாழ 97,000 நூல்களும் அழிந்ததை நாம் இடையறாது பேசி வருகின்றோம். பேச வேண்டியதே. எம் சிறு கத்தரிக்கோலை அத்தீயோடு ஒப்பிடுதல் தகாது. எனினும் பிறர் மூட்டிய தீயைப் பற்றிப் பேசும் நா, தன் கையின் கத்தரிக்கோலை மறைத்தல் அறமாகாது. யுத்தம் அம்மலரை எப்படியும் கொண்டுபோயிருக்கும் என்று நண்பர் ஒருவர் ஆறுதல் கூறுவார். கூடும். ஆனால் யுத்தம் வருமுன்னே அந்தப் பெயர்களுட் சிலவற்றை அடுப்பில் இட்டவர் நாமே.

சென்ற ஆண்டு வாணிவிழாவுக்கு நம் கல்லூரிக்குப் போயிருந்தோம். மண்டபம் ஒளிமயமாயிருந்தது. மாணவர் ரெஜிபோமைச் சூட்டுக் கம்பியால் வெட்டிக் கோபுரம் அமைத்திருந்தனர். சூடாக்கி ஒட்டும் பசை, மினுங்கற் பொடி, பிளாஸ்ரிக் தாமரை எல்லாம் இருந்தன. வேலைப்பாடு நேர்த்தியானதே. எம்மால் அவ்வளவு செப்பமாகச் செய்திருக்க முடியாது. மறுநாள் விளையாட்டுத் திடலின் ஓரமாக நடந்தபோது, பிரிக்கப்பட்ட கோபுரங்கள் மதிலோரத்திற் குவிந்து கிடந்தன. முதல் மழைக்கே வெண்ணிற மணிகள் உதிர்ந்து வெள்ள வாய்க்காலில் மிதந்து சென்றன. உணவு பொதியும் ரெஜிபோம் பெட்டிகளை அரசாங்கம் 2017 ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. சோடனைக்கு அத்தடை எட்டவில்லை.

அப்பொழுது எம் ஆசிரியரின் கேள்விக்கு மற்றொரு பக்கமும் உண்டென்று தோன்றியது. சோடனைக்குக் கையில் எடுக்கும் பொருள்கள் மூவகை. ஓலையும் பூவும் பிசினும் போலப் போய்த் திரும்ப வருவன ஒருவகை. அச்சிட்ட பெயரும் பழைய படமும் போலப் போனால் வாராதன மற்றொருவகை. ரெஜிபோமும் பிளாஸ்ரிக்கும் போலப் போகவே போகாதன மூன்றாவது வகை. மூன்று நாள் நின்று பிரியும் கோயிலுக்கு முதல் வகையே பொருந்தும். ஏனைய இரண்டில் ஒன்றினால் நாம் கடந்த தலைமுறைக்குத் தீங்கு செய்தோம். மற்றதினால் வருந் தலைமுறைக்குத் தீங்கு செய்கின்றோம்.

இதனைப் புத்திமதியாகக் கூறாமல் அன்றே ஏழாம் வகுப்பு மாணவர் சிலரை அமர்த்தி உள்ளித் தோல் தாமரை செய்துகாட்டினோம். முதலிற் சிரித்தார்கள். விளக்கை உள்ளே வைத்துக் காட்டியதும் சிரிப்பு நின்றது. ஒரு மாணவன், “சேர், இதை எத்தினை நாளைக்கு வைச்சிருக்கலாம்?” என்று கேட்டான். மூன்று நாளைக்கு என்றோம். “பிறகு?” என்றான். வாழையடியைக் காட்டினோம். அவனுக்கு அது போதுமானதாயிருந்தது.

இனி, இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியின் பொன்விழா மலர் உங்கள் வீட்டுப் பெட்டகத்திலோ, கொழும்பிலோ, கடல் கடந்த நாடொன்றிலோ எங்கேனும் இருக்கலாம். இருப்பின் தாளைப் பிரிக்காமற் படமெடுத்துக் கல்லூரிக்கு அனுப்புங்கள். 2005 ஆம் ஆண்டு தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பாடசாலை மலர்கள் பல ஏற்றப்பட்டுள்ளன. நம் மலரும் அங்கே சென்று சேரலாம். மலர் இல்லாதோர் வேறொன்று செய்யலாம். உங்கள் பாட்டியார், பூட்டியார் எவரேனும் நம் கல்லூரிக்குப் பிடியரிசி இட்டவர் என்று வீட்டிற் பேச்சு உண்டானால், அவர் பெயரை எழுதி அனுப்புங்கள். இன்னாரின் மனைவி என்று எழுதற்க. அவருடைய பெயரையே எழுதுக.

அந்தப் பெயர்கள் சேர்ந்தால் அவற்றை முதலிற் பெயர்த்தெழுதும் பணியை எமக்கே தருமாறு மலர்க் குழுவினரைக் கேட்டுள்ளோம். அப்பணிக்கென ஒரு கொப்பி வாங்கி வைத்துள்ளோம். இம்முறை அதன் முதற் பக்கத்திலிருந்தே எழுதலாம்.